கையில் டிடிஆர்4 ரேம் இருக்கிறது: ஏஎம்5 வாங்கவா, பழைய சாக்கெட்டோடு இருந்துகொள்ளவா?

பனியன்நகர்

எல்லோருக்கும் வணக்கம். ஒன்பது வருடம் உழைத்த கணினிக்கு ஓய்வு கொடுக்கப் போகிறேன். இன்டெல் ஐ5-7400 பிராசசர், பி250 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4-2400 ரேம் இரண்டு, 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு. வேலையில் சேர்ந்து வாங்கிய முதல் போனஸ் இதற்குத்தான் போனது. இடையில் ஓர் எஸ்எஸ்டி சேர்த்தேன், அவ்வளவுதான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் பிராசசர் பட்டியலில் என்னுடையது இல்லை.

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஷிப்மென்ட் இல்லாத நாட்களில் இரவு பத்து மணிக்குக் கல்லூரி நண்பர்களோடு கவுன்டர் ஸ்டிரைக் 2. அவ்வப்போது சைபர்பங்க். ஞாயிற்றுக்கிழமை முழுக்க சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் 2. அதில் நொய்யல்புரம் என்று ஒரு நகரம் கட்டி வைத்திருக்கிறேன். மக்கள்தொகை நாற்பதாயிரத்தைத் தாண்டியதிலிருந்து விளையாட்டில் ஒரு நாள் நகர்வதற்குள் டம்ளரில் டீ ஆறிவிடுகிறது.

தீபாவளிக்கு 27 அங்குல 1440பி, 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்று வாங்கினேன். மீதிக்கு ஒதுக்கியது 85,000 ரூபாய். கிராபிக்ஸ் கார்டு முடிவாகிவிட்டது: 16 ஜிபி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி. அது, புது எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி), 1 டிபி என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி) எல்லாம் போக பிராசசர், மதர்போர்டு, ரேம் மூன்றுக்கும் சேர்த்து ஏறத்தாழ 35,000 நிற்கிறது.

கோவையில் ஒரு கடையில் மூன்று பட்டியல் எழுதி வாங்கினேன்.

முதலாவது ஏஎம்5, அதாவது ஏஎம்டியின் புது சாக்கெட் (போர்டில் பிராசசர் உட்காரும் பள்ளம்): ரைசன் 5 7600, பி650எம் போர்டு, 32 ஜிபி டிடிஆர்5-6000. பழைய டிடிஆர்4 இதில் ஏறாது. இதில் ரேம் மட்டும் முப்பதாயிரத்தைத் தாண்டுகிறது. அதே ரேமைச் சென்ற ஆகஸ்டில் விசாரித்து ஒன்பதாயிரத்துச் சொச்சம் என்று டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். நூல் விலை ஏறுவதைப் பார்த்துப் பழகிய ஊர்க்காரன் நான். நூல்கூட இப்படி ஏறியதில்லை.

இரண்டாவது இன்டெல்லின் 1700 சாக்கெட்: ஐ5-12400எஃப், டிடிஆர்4 ஏற்கும் பி760 போர்டு. மூன்றாவது ஏஎம்டியின் பழைய ஏஎம்4 சாக்கெட்: ரைசன் 5 5600, பி550 போர்டு. இவை இரண்டிலும் என் பழைய ரேமையே மாட்டிக்கொள்ளலாம். பிராசசரும் போர்டும் சேர்ந்து இருபதாயிரத்தை ஒட்டி முடிகிறது.

கடைக்காரர் "டிடிஆர்4 செத்த சரக்கு சார்" என்கிறார். அத்தை மகன் ஏஎம்5-க்குக் குறைந்து எதையும் வாங்கினால் என்னோடு பேசமாட்டேன் என்கிறான். அவன் சென்ற ஜூனில், விலை ஏறுவதற்கு முன்பே மாறிவிட்டவன். நான் என்ன செய்யட்டும்?

ஃப்ரேம்பித்தன்

ரைசன் 7 9800எக்ஸ்3டி. விளையாட்டுக்கென்றே செய்தது. வேறு பேச்சு எதற்கு?

மாசிவீதி

மேலே சொன்ன பிராசசர் அருமையானதுதான். 2024 நவம்பரில் வந்தது, எட்டு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் மூளைகள்), 96 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்). ஆனால் அது ஒன்றே தம்பியின் முப்பத்தைந்தாயிரத்தை விழுங்கிவிட்டு இன்னும் கேட்கும். கூழுக்கு உப்பில்லை என்பவரிடம் பாலுக்குச் சர்க்கரையைப் பற்றிப் பேசக்கூடாது.

தம்பி, நான் 1999-இலிருந்து மதுரையில் கணினி பூட்டிக் கொடுக்கிறேன். அந்தக் காலத்தில் இரவு பஸ் ஏறிச் சென்னை ரிச்சி தெருவில் காலையில் இறங்குவேன். மாலைக்குள் சரக்கு எடுத்து, மதர்போர்டு பெட்டிகளை மடியிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வருவேன். லக்கேஜில் போட மனம் வராது. அப்போதிருந்து ஒரு பழக்கம்: பிராசசரின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் சாக்கெட்டைப் பார்ப்பேன்.

அத்தை மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஏஎம்4 சாக்கெட்டில் முதல் ரைசன் வந்தது 2017 மார்ச்சில். அதே சாக்கெட்டுக்கு 2022 ஏப்ரலில் 5800எக்ஸ்3டி வந்தது. 2017-இல் வாங்கிய பி350 போர்டுக்குக்கூட, தயாரிப்பாளர் பயாஸ் (போர்டின் உள்மென்பொருள்) புதுப்பிப்பு கொடுத்திருந்தால், அதை மாட்டலாம். ஐந்து வருடம் கழித்து, விளையாட்டில் அன்றைக்கு முன்வரிசையில் நின்ற பிராசசர், அதே பழைய போர்டில்! இன்டெல் பக்கம் கதை வேறு. உங்கள் போர்டில் இருப்பது 1151 சாக்கெட். எட்டாம் தலைமுறை 2017 அக்டோபரில் வந்தபோது அதுவும் 1151-தான், பள்ளத்தில் அழகாக உட்காரும், ஆனால் ஓடாது. போர்டில் 300 வரிசை சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு) தேவைப்பட்டது. அடுத்த 1200 சாக்கெட் இரண்டு தலைமுறையோடு முடிந்தது. 1700 சாக்கெட் 12, 13, 14 என்று மூன்று பார்த்தது. 2024 அக்டோபரில் 1851 வந்ததும் அதன் கதையும் முடிந்தது.

ஏஎம்5 வந்தது 2022 செப்டம்பரில். இதுவரை 7000, 8000ஜி, 9000 வரிசைகளைப் பார்த்துவிட்டது. 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆகவே எதிர்காலம் உள்ள சாக்கெட் எது என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன்.

ஆனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த ஒன்பது வருடத்தில் போர்டை அப்படியே வைத்துக்கொண்டு பிராசசரை மட்டும் மாற்றியது உண்டா? ஏழாம் தலைமுறையிலேயே உங்கள் போர்டில் ஐ7-7700 போட்டிருக்கலாம். நான்கு இழை (பிராசசர் ஒரே நேரத்தில் ஓட்டும் வேலைகள்) எட்டாகியிருக்கும். போடவில்லை அல்லவா?

என்னிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. யாருக்கு எப்போது என்ன பூட்டினேன் என்று எழுதுவது. நேற்று இரவு உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு அதை எடுத்துப் புரட்டினேன். ரேம் கூட்ட வந்திருக்கிறார்கள், எஸ்எஸ்டி போட வந்திருக்கிறார்கள், கிராபிக்ஸ் கார்டு மாற்ற வந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. பிராசசரை மட்டும் மாற்ற வந்தவர்களை எண்ணினேன். இரண்டு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டார்கள். நம் ஊரில் வீடு கட்டுகிறவர்கள் மொட்டைமாடியில் பில்லர் கம்பியை நீட்டிவிட்டு வைப்பார்கள், பிறகு மாடி எடுத்துக்கொள்ளலாம் என்று. எத்தனை வீட்டில் அந்தக் கம்பி இருபது வருடமாகத் துணி காயப்போடவே பயன்படுகிறது என்று உங்களுக்கே தெரியும். ஏஎம்5 நல்ல கம்பி. துருப்பிடிக்காத கம்பி. மாடி எடுக்கிறவருக்கு அதில் போடும் காசு வீணில்லை. நீங்கள் எடுக்கிறவரா என்பதுதான் கேள்வி. ரேம் ஒன்பதாயிரத்துக்குக் கிடைத்தபோது இதை நான் கேட்டிருக்கவே மாட்டேன், ஏஎம்5 வாங்குங்கள் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். இப்போது அந்தக் கம்பிக்கு இருபது, இருபத்தைந்தாயிரம் கூடுதல். உங்கள் பட்ஜெட்டில் அது கிராபிக்ஸ் கார்டைத் தின்றுவிடும்.

அந்தக் கார்டைத் தொடவிடாதீர்கள். 1440பி-இல் சைபர்பங்க் ஆடும்போது 12400எஃப் இருந்தாலும் 7600 இருந்தாலும் மூச்சு வாங்குவது கார்டுதான். கவுன்டர் ஸ்டிரைக் 2-இல் பிராசசரின் வேறுபாடு தெரியும். ஆனால் 165 ஹெர்ட்ஸ் திரைக்கு இந்த மூன்று பட்டியலில் எதுவும் மோசமில்லை. சிட்டீஸ் மட்டும் வேறு சாதி. நகரம் பெருக்கப் பெருக்க எல்லாக் கோர்களையும் பிழிந்து எடுக்கும். நாலு கோர், நாலு இழையில் நாற்பதாயிரம் பேரைக் குடிவைத்ததே உங்கள் பொறுமைக்குச் சான்று. ஆறு கோர், பன்னிரண்டு இழைக்குப் போனாலே வேறு ஊர் மாதிரி இருக்கும்.

எனக்கு இடிப்பது உங்கள் ரேம். 2400 என்பது குறைந்த வேகம். 12400எஃப், 5600 இரண்டுமே 3200 வரை அதிகாரபூர்வமாக ஏற்பவை. ரைசனில் ரேம் வேகத்தோடு சேர்ந்தே பிராசசரின் உள்ளிணைப்பும் ஓடும். ரேம் மெதுவானால் அதுவும் மெதுவாகும். மாட்டினால் ஓடும், ஓடாமல் போகாது. புது மாட்டுக்குப் பழைய வண்டி.

இன்னும் சில, அவசரமாக. எச்610 போர்டைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். விலை குறைவு, ஆனால் ரேமுக்கு இரண்டே பள்ளம், பிராசசரிலிருந்து நேரடியாக எம்.2-க்கு (என்விஎம்இ மாட்டும் பள்ளம்) வழி இல்லை. ஏஎம்4 பக்கம் போனால் ஏ520 வேண்டாம், அது பிசிஐஇ 3.0 (கார்டு மாட்டும் பள்ளத்தின் பழைய, மெதுவான தலைமுறை). உங்கள் கார்டு 16 தரவு வழி கொண்டது என்பதால் பெரிதாக அடிபடாது. ஆனால் மனம் மாறி ஆர்டிஎக்ஸ் 5060 வகையறாவுக்குப் போனீர்களானால் அவை 8 வழிதான், பழைய பள்ளத்தில் வலிக்கும். 13, 14-ஆம் தலைமுறையின் பெரிய பிராசசர்களில் மின்னழுத்தச் சிக்கல் இருந்ததை இன்டெல்லே 2024-இல் ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடு திருத்தம் கொடுத்து, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. 12400எஃப்-க்கும் அதற்கும் தொடர்பில்லை. யாராவது பயமுறுத்தினால் பயப்பட வேண்டாம்.

எதை வாங்கினாலும் ரேமின் எக்ஸ்எம்பி, ஏஎம்டி என்றால் எக்ஸ்போ (ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு), பயாஸில் போட்டுவிடுங்கள். 6000 என்று காசு கொடுத்து வாங்கி ஒரு வருடமாக 4800-இல் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஒருவேளை ஏஎம்5-க்கே போனால் இன்னொன்று: முதல் தடவை போட்டதும் திரை கறுப்பாகவே நிற்கும். ரேமைப் பழக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். ஐந்து நிமிடமும் ஆகும், பத்து நிமிடமும் ஆகும். சென்ற வருடம் ஒரு பையன் இரவு பதினொரு மணிக்கு அழுகிற குரலில் கூப்பிட்டான், ரேமை நான்கு தடவை கழற்றி மாட்டிவிட்டேன் மாமா, உயிர் வரவில்லை என்று. ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் அது முதலிலிருந்து பழகிக்கொண்டிருக்கிறது! சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வா என்றேன். தோசை இரண்டாவதைத் தொடுவதற்குள் படம் வந்துவிட்டது.

பீளமேடு

மாசிவீதி ஐயா சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர. அவர் பிராசசரை முன்னால் வைக்கிறார். நொய்யல்புரத்தை முதலில் நிறுத்துவது ரேமாக இருக்கலாம்.

நான் கட்டட வடிவமைப்பு வேலையில் இருக்கிறேன், சிட்டீஸ் 2 வந்த 2023-லிருந்து விடாமல் ஆடுகிறேன். அலுவலக வேலைக்காகவும் சேர்த்துச் சென்ற வருடம் கோர் அல்ட்ரா 7 265கே வாங்கினேன். எட்டுப் பெரிய கோர், பன்னிரண்டு சின்னக் கோர். ரெண்டரிங்குக்கும் இந்த விளையாட்டுக்கும் பிரமாதம். மற்ற விளையாட்டுகளில் அது தன் முந்தைய தலைமுறையையே சில இடங்களில் முந்தவில்லை என்பது வெளிவந்த அன்றே எல்லாரும் சொன்னது. 1851 சாக்கெட்டுக்கு டிடிஆர்5 கட்டாயம். ஆகவே உங்களுக்கு நான் அதைச் சொல்லவில்லை.

நான் சொல்வது செலவில்லாத வேலை. இந்த ஞாயிறு நகரத்தைத் திறந்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பக்கத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து நினைவகப் பக்கத்தைப் பாருங்கள். 16 ஜிபியும் நிரம்பி எஸ்எஸ்டிக்கு வழிகிறது என்றால், புதுப் பிராசசரோடு அதே 16 ஜிபியை மாட்டி ஏமாந்துவிடாதீர்கள். என் பழைய கணினியில் எண்பதாயிரம் மக்களுக்கு மேல் போனபோது பிராசசர் பாதி சும்மாவே இருந்தது, டிஸ்க் விளக்கு மட்டும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. 32 ஆக்கியதும் சரியானது.

பனியன்நகர்

மூவருக்கும் நன்றி. பீளமேடு அக்கா சொன்னபடி பார்த்தேன். இரண்டும்தான். பிராசசர் நான்கு கட்டமும் நூறு சதவீதத்தில் கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. நினைவகம் 15-க்கு மேல் போய், குரோம் மூடினால்தான் பஸ்கள் நகர்கின்றன.

மாசிவீதி ஐயா, கம்பிக் கதையை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். எங்கள் மாடியிலும் கம்பி இருக்கிறது. அப்பா 2004-இல் விட்டது. வடகம் காயப்போடக் கயிறு கட்டியிருக்கிறோம். நான் மாடி எடுக்கிற ஆள் இல்லை என்பது எனக்கே விளங்கிவிட்டது.

இன்னொரு செய்தி. அத்தை மகன் ஏஎம்5-க்கு மாறியபோது அவனுடைய பழைய ரேம் என்ன ஆனது என்று திடீரென்று தோன்றியது. கேட்டேன். 16 ஜிபி டிடிஆர்4-3200 இரண்டு, அலமாரியில் பழைய சார்ஜர்களோடு கிடக்கிறதாம். ஐந்தாயிரம் கொடு, எடுத்துக்கொள் என்கிறான். செத்த சரக்கை ஐந்தாயிரத்துக்கு விற்கிறாயே என்றேன், உறவு என்பதால் இந்த விலை என்றான்.

இது வந்துவிட்டால் 12400எஃப்-ஆ, 5600-ஆ? இதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

மாசிவீதி

அவன் மனம் மாறுவதற்குள் இன்றைக்கே போய் எடுத்துக்கொண்டு வாருங்கள். டிடிஆர்4 விலையும் சும்மா இருக்கவில்லை.

இரண்டு பிராசசருக்கும் நடுவே நான் பிராசசரைப் பார்க்க மாட்டேன். இரண்டுமே ஆறு கோர், பன்னிரண்டு இழை, 65 வாட், இரண்டும் 2022-இல் வந்தவை, பெட்டியிலேயே கூலர் இருக்கும். ஒரு விளையாட்டில் இது முந்தும், இன்னொன்றில் அது. போர்டைப் பாருங்கள். கடைக்காரர் எழுதிய இரண்டு போர்டில் எதற்கு மின்சாரப் பகுதியில் அலுமினிய மூடி இருக்கிறது, எதற்கு ரேம் பள்ளம் நான்கு, எம்.2 இரண்டு, எந்த நிறுவனத்துக்குக் கோவையில் சர்வீஸ் சென்டர் இருக்கிறது. கடைசியாகச் சொன்னதுதான் முதலில் பார்க்க வேண்டியது. போர்டு கெட்டுப்போய் கூரியரில் வெளியூருக்குப் போனால் நீங்கள் ஒரு மாதம் நொய்யல்புரத்தைப் பார்க்க முடியாது.

கையில் எடுத்துப் பூட்டப் போகிறீர்கள் என்றால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஏஎம்4-இல் முள் பிராசசரில் இருக்கும். பல மாதம் கழித்துக் கூலரைத் தூக்கினால் காய்ந்த பேஸ்ட் பிடித்துக்கொண்டு பிராசசரும் சாக்கெட்டை விட்டுப் பிடுங்கிக்கொண்டு வரும். எனக்கே நடந்தது. வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்திருந்தார், நான் சிரித்துக்கொண்டே டார்ச்சை எடுத்து எந்த முள் சாய்ந்திருக்கிறது என்று தேடினேன். அன்றிலிருந்து கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்துவிட்டு, கூலரைத் திருகித்தான் எடுப்பேன். 1700-இல் முள் போர்டில் இருக்கும். நெம்புகோலை அழுத்தும்போது நறநறவென்று சத்தம் வரும், பயந்து பாதியில் விடாதீர்கள், அப்படித்தான் கேட்கும். மேலே இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் மூடி தானாகத் தெறித்து வரும். அதைக் குப்பையில் போடாமல் பெட்டிக்குள் வையுங்கள். வாரண்டிக்குப் போர்டை அனுப்பும்போது அது சாக்கெட்டின் மேல் இருக்க வேண்டும்.

உங்கள் பழைய கூலரை மாட்டலாம் என்று நினைக்க வேண்டாம். 1151-இல் துளைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டர், 1700-இல் 78. மூன்று மில்லிமீட்டர்தானே என்று அழுத்தியவர்களின் போர்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

எஃப் என்று முடிவதில் உள் கிராபிக்ஸ் கிடையாது, 5600-இலும் கிடையாது. கார்டு என்றைக்காவது பழுதுக்குப் போனால் படம் வராது. அந்த 1060-ஐ விற்காமல் பீரோவில் வையுங்கள்.

பீளமேடு

பழைய எஸ்எஸ்டியை அப்படியே தூக்கிப் புதுப் போர்டில் மாட்டப் போகிறீர்களானால், அது எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்ததா என்று முதலில் பாருங்கள். புதுப் போர்டுகளின் யூஇஎஃப்ஐ (புதுவகை பயாஸ்) அதிலிருந்து பூட் ஆகாமல் அடம்பிடிக்கும். என்விஎம்இ-இல் விண்டோஸ் 11-ஐப் புதிதாகவே போட்டுவிடுங்கள், ஒரு ஞாயிறு மிச்சம். கூட ஆடும் நண்பர்கள் வேலரன்ட்டுக்கு இழுப்பார்கள். அது விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0-உம் செக்யூர் பூட்டும் (இரண்டும் கணினியின் பாதுகாப்பு அம்சங்கள்) இல்லாமல் ஓடாது. பயாஸில் இருக்கும்போதே அதையும் பார்த்துவிடுங்கள்.

பனியன்நகர்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஷிப்மென்ட்.

12400எஃப் வாங்கினேன். பி760 போர்டுக்குத்தான் கோவையில் சர்வீஸ் சென்டர் இருந்தது, முடிவு அதோடு முடிந்தது. பிராசசர், போர்டு, அத்தை மகனுக்குக் கொடுத்தது எல்லாம் சேர்ந்து இருபத்தாறாயிரத்துச் சில்லறை. மிஞ்சியதில் 650 வாட் எஸ்எம்பிஎஸ் கொஞ்சம் நல்லதாக எடுத்தேன்.

பூட்டிய நாளைச் சொல்லாமல் இருக்கமுடியாது. நெம்புகோல் நறநறத்தது, விடவில்லை. மூடி தெறித்து ஃபேன் மேல் பட்டுக் கட்டிலுக்கு அடியில் போனது, தேடி எடுத்துப் பெட்டியில் வைத்தேன். எல்லாம் மாட்டி சுவிட்சைப் போட்டால் ஃபேன்கள் சுற்றுகின்றன, திரை கறுப்பு. மாசிவீதி ஐயா சொன்னது நினைவுக்கு வந்தது: ரேமைப் பழக்கிக்கொள்கிறது, போய்ச் சாப்பிடு. போய்ச் சாப்பிட்டேன். ஐந்து தோசை. திரும்பி வந்தால் கறுப்பு. இன்னும் பழகுகிறது போலிருக்கிறது என்று செய்தித்தாள் முழுவதையும் படித்து முடித்தேன். கறுப்பு. அவர் சொன்னது ஏஎம்5-க்கு என்பது அப்போது எனக்கு நினைவில் இல்லை.

அம்மா பெருக்குவதற்காக அறைக்குள் வந்தவர் கேபினெட்டின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஏன்டா, இதே மாதிரி ஓட்டை கீழேயும் ஒன்று இருக்கிறதே, அதில் போட வேண்டியது இல்லையா?" என்று கேட்டார். எச்டிஎம்ஐ கேபிளைப் போர்டின் பின்னால் சொருகியிருக்கிறேன். எஃப் பிராசசரில், உள் கிராபிக்ஸே இல்லாத பள்ளத்தில்! ஒன்றரை மணி நேரம்! கார்டுக்கு மாற்றிய மறுநொடி படம் வந்தது.

எக்ஸ்எம்பி போட்டுவிட்டேன், 3200 என்று காட்டுகிறது. டிபிஎம் சரி, செக்யூர் பூட் சரி. நொய்யல்புரம் இப்போது எழுபதாயிரம் பேர். மூன்றாம் வேகத்தில் வைத்தாலும் டீ சூடாகவே இருக்கிறது. சைபர்பங்கில் நண்பன் வந்து பார்த்துவிட்டு எந்தப் பிராசசர் என்று கேட்டான், சொன்னதும் நம்பவில்லை. கவுன்டர் ஸ்டிரைக்கில் மட்டும் முன்பு எப்படித் தோற்றேனோ அப்படியே தோற்கிறேன். அதற்கு இனிமேல் கணினியைக் குறைசொல்ல வழியில்லை.

மாசிவீதி

அம்மாவை என் கடைக்கு அனுப்பி வையுங்கள், சம்பளம் கொடுக்கிறேன்.

பனியன்நகர்

கேட்டேன் ஐயா, மதுரை வெயிலுக்கு வரமாட்டாராம்.

நேற்று இரவு அத்தை மகன் கூப்பிட்டான். டிடிஆர்4 விலையை எங்கோ பார்த்திருக்கிறான். அந்த ஐந்தாயிரத்தைத் திருப்பித் தருகிறேன், ரேமைக் கழற்றிக் கொடு என்கிறான்.